மிதக்கும் பிரிட்ஜும் மரக்கட்டை யோசனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புதிதாக எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோருக்கான யோசனைகளைத் தங்கள் இசைப் பக்கத்தில் படித்தோம். ஆம்ப், கேபிள், பிக்அப் பற்றிச் சொன்னதில் குறையில்லை. மிதக்கும் ட்ரெமோலோ, அதாவது பார் என்ற கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்குகிற பிரிட்ஜ் பற்றிய பெட்டிச் செய்திதான் இதை எழுத வைத்தது. அதில் மூன்று யோசனைகள் இருந்தன. சுருதி விலகினால் தலைப்பகுதியில் உள்ள டியூனிங் கீயைத் திருகுங்கள். பிரிட்ஜ் சாய்ந்திருந்தால் முன்னால் உள்ள இரண்டு தூண் ஸ்க்ரூக்களைத் திருகி மட்டப்படுத்துங்கள். எதற்கும் மசியாவிட்டால் பின்பக்கக் குழியில் மரக்கட்டையை வைத்து அடைத்துவிடுங்கள். முதல் யோசனை கம்பியை அறுத்துவிடும். இரண்டாவது பிரிட்ஜையே கெடுக்கும். மூன்றாவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. கிட்டார் செப்பனிடுவது எங்கள் தொழில். இந்த மூன்றையும் செய்துவிட்டு வருகிற கிட்டார்களைத் திறந்து பார்க்கிறவர்கள் என்ற முறையில் விளக்கமாகவே எழுதுகிறோம்.

இந்த வகை பிரிட்ஜ் மரத்தோடு சேர்த்து இறுக்கப்பட்டதில்லை. முன்விளிம்பில் உள்ள இரண்டு கத்திமுனைகள் இரண்டு உலோகத் தூண்களின் பள்ளத்தில் சாய்ந்து நிற்கின்றன. பிடிமானம் அவ்வளவுதான். மேலே ஆறு கம்பிகளும் சேர்ந்து பிரிட்ஜை நெக் பக்கம் இழுத்து, அதன் பின்முனையைத் தூக்கப் பார்க்கின்றன. பிரிட்ஜின் அடியில் பாடிக்குள் தொங்கும் கனத்த உலோக பிளாக்கைப் பிடித்து இழுக்கிற ஸ்பிரிங்குகள் அதே பின்முனையைக் கீழே அமுக்கப் பார்க்கின்றன. இரண்டும் சமமாகிற இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. தராசின் முள் நடுவில் நிற்பது போலத்தான். கம்பியின் ஒலிக்கும் நீளம் 25.5 அங்குலம் உள்ள கிட்டாரில் 9-42 கம்பிச் செட்டை (மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு, தடித்தது 42 பங்கு) சாதாரண சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவிசை ஏறத்தாழ 38 கிலோ. 10-46 போட்டால் 47 கிலோ. இத்தனையையும் எதிர்த்துத் தாங்குவது பெரும்பாலும் மூன்றே மூன்று ஸ்பிரிங்குகள்.

தராசு என்று புரிந்துவிட்டால் புதியவர்களைப் பைத்தியமாக்குகிற விஷயமும் புரியும். ஆறாவது கம்பியைச் சுருதிக்கு ஏற்றுகிறீர்கள். ஒரு தட்டில் பாரம் கூடிவிட்டது. பிரிட்ஜ் மயிரிழை அளவு முன்னால் சாய்கிறது, மற்ற ஐந்து கம்பிகளும் இறங்கிவிடுகின்றன. ஐந்தாவதை ஏற்றினால் ஆறாவது மறுபடி இறங்கும். ஒரு சுற்று முடித்துத் திரும்பினால் ஒன்றுகூடச் சுருதியில் இருக்காது. நிலையான பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒவ்வொரு கம்பியும் தன் பாட்டுக்கு இருக்கும். இங்கே ஆறும் கூட்டுக்குடித்தனம். விடாமல் ஆறேழு சுற்று வந்தால் எங்கோ ஓரிடத்தில் சுருதி சேரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் பிரிட்ஜ் மட்டமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பின்முனை தூக்கியபடி நின்றால் கம்பிகள் ஃப்ரெட் பலகையிலிருந்து உயர்ந்துவிடும், 12-ஆம் ஃப்ரெட் சுருதியும் பிசகும். பின்முனை பாடியில் குடைந்த பள்ளத்துக்குள் அமிழ்ந்துவிட்டால் பாரை மேலே தூக்க இடமே இருக்காது.

ஆகவே சுருதி சேர்ப்பதற்கு முன்னால் தராசைப் பிடித்து நிறுத்த வேண்டும். வழி எளியது. தேவையானவை நான்கு பழைய விசிட்டிங் கார்டுகள், ஒரு துண்டுத் துணி, இரண்டாம் எண் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 3 மி.மீ., 2.5 மி.மீ. ஆலன் கீகள், ஒரு டியூனர். கிட்டாரைக் கவிழ்த்துப் பின்மூடியைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங்குகளின் மறுமுனை மாட்டியிருக்கும் கொக்கித் தகடும், அதை நெக் பக்கத்து மரத்தோடு பிடித்திருக்கும் இரண்டு நீண்ட ஸ்க்ரூக்களும் தெரியும். இந்த வேலை முழுக்க அந்த இரண்டு ஸ்க்ரூக்களில்தான் இருக்கிறது. தகட்டில் ஒரு சிறு ஒயர் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கம்பிகளுக்கான எர்த். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி அதை அறுத்துவிட்டால் ஆம்பில் இரைச்சல் வரும், பழி பிக்அப் மேல் விழும்.

இப்போது கிட்டாரைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிரிட்ஜின் அடித்தகடு பாடியின் மேற்பரப்புக்கு இணையாக நிற்கும் நிலையில் அதன் பின்முனைக்குக் கீழே எவ்வளவு இடைவெளி வருகிறது என்று பாருங்கள். அந்தத் தடிமனுக்குக் கார்டுகளை அடுக்கித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். பாரை அழுத்தினால் பின்முனை தூக்கும். அடுக்கை உள்ளே செருகிவிட்டுப் பாரை மெல்ல விடுங்கள். பிறகு கொக்கித் தகட்டின் இரு ஸ்க்ரூக்களையும் இரண்டு சுற்று உள்ளே ஏற்றுங்கள். ஸ்பிரிங்குகளின் பலம் கம்பிகளை மிஞ்சுவதால் பிரிட்ஜ் அந்த அடுக்கின் மேல் அழுத்தமாக உட்கார்ந்துவிடும். இந்த நிலையில் அது நிலையான பிரிட்ஜ். ஒரு கம்பியைத் தளர்த்தினாலும் மற்றவை அசையாது. ஆறையும் கழற்றிவிட்டு ஃப்ரெட் பலகையைத் துடைக்கலாம், பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சாடிலை நகர்த்தலாம். 'ஒரே நேரத்தில் எல்லாக் கம்பிகளையும் கழற்றாதே' என்று சொல்லி வருகிறார்களே, அது அடுக்கு வைக்காதவர்களுக்கான எச்சரிக்கை.

புதுக் கம்பி போடுகிறவர்கள் இரண்டு இடங்களில் அவசரப்படுகிறார்கள். நட்டிலும் (நெக்கின் தலைமுனையில் கம்பிகள் படியும் துண்டு) பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டுகிற ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜில் கம்பியின் குண்டு முனையை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் முனையைச் சாடிலுக்குள் இருக்கும் சிறு சதுரக் கட்டைக்கு முன்னால் இறக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் நீண்ட ஸ்க்ரூவை 3 மி.மீ. ஆலன் கீயால் இறுக்கினால் கட்டை கம்பியை அமுக்கிப் பிடிக்கும். முனை அடிவரை இறங்காமல் பாதியில் நின்றாலோ, கட்டை கோணலாக உட்கார்ந்தாலோ, பாரை அழுத்தும்போது கம்பி இழை இழையாக நழுவும். அதற்குப் பயந்து பலங்கொண்டமட்டும் இறுக்கினால் கட்டை விண்டுபோகும். ஆலன் கீயின் நீண்ட கையைச் சாவித் துளைக்குள் விட்டு, குட்டைக் கையை இரு விரலால் பிடித்துத் திருகுங்கள். அந்தப் பலம் போதும். இன்னொன்று, கம்பியின் இழுபாடு. புதுக் கம்பி டியூனிங் கீயின் சுற்றுகளில் இறுகி அமர்வதற்குள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பியை மூன்று நான்கு இடங்களில் விரலால் தூக்கி இழுத்து, இறங்கியதைத் திரும்ப ஏற்றி, மறுபடி இழுத்து, டியூனரின் முள் அசையாத வரைக்கும் செய்யுங்கள். இதை நட் பூட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். பூட்டிய பிறகு மிச்சமிருக்கும் இழுபாடு முழுவதும் பிரிட்ஜில் உள்ள சிறு சுருதித் திருகான ஃபைன் டியூனரின் தலையில் விழும்.

சுருதி நிலைத்ததும் 12-ஆம் ஃப்ரெட்டைப் பாருங்கள். அங்கே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு வாசிக்கும் ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடில் பின்னால் போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால் வர வேண்டும். இதற்குக் கம்பியை நன்றாகத் தளர்த்தி, சாடிலின் முன்பக்கச் சிறு ஸ்க்ரூவை 2.5 மி.மீ. ஆலன் கீயால் நெகிழ்த்திக் கையால்தான் நகர்த்த வேண்டும். எரிச்சலூட்டும் வேலை. ஒரு கம்பிக்கு நாலைந்து தடவை ஆகும். அடுக்கு உள்ளே இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும்.

இனிதான் முக்கியமான கட்டம். கம்பிகள் ஆறும் சரியான சுருதியில் இருக்கின்றன, பிரிட்ஜ் மட்டமாக அடுக்கின் மேல் இருக்கிறது, ஆனால் ஸ்பிரிங் பலம் அதிகம். கொக்கித் தகட்டின் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் துணியின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். முதலில் அசையாது. பிறகு உரசிக்கொண்டு கொஞ்சம் நகரும். ஒரு கட்டத்தில், புத்தகத்திலிருந்து உருவும் தாள்போல வழுக்கி வந்துவிடும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கும் கம்பியும் சரிசமம். டியூனரில் பாருங்கள். ஆறு கம்பிகளும் ஒருசேரச் சற்றே ஏறியிருந்தால் ஸ்பிரிங் இன்னும் பலமாக இருக்கிறது, இம்மியளவு தளர்த்துங்கள். ஒருசேர இறங்கியிருந்தால் இம்மியளவு இறுக்குங்கள். இந்தக் கட்டத்தில் டியூனிங் கீயைத் தொடவே கூடாது. கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். இங்கே ஒரு கீயைத் தொட்டால் பழையபடி கூட்டுக்குடித்தனத்துச் சண்டைக்குள் போய்விடுவீர்கள்.

சுருதி பார்க்கும்போது கிட்டாரை வாசிக்கும் நிலையில், மடியிலோ தோள்பட்டையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் மல்லாத்திப் பார்த்த சுருதி, தோளில் மாட்டியதும் சற்று மாறும். தொங்கும் பிளாக்கின் எடை வேறு திசையில் இழுப்பதுதான் காரணம். உள்ளங்கையைப் பிரிட்ஜின் பின்முனையில் ஊன்றியபடி சுருதி பார்ப்பதும் கூடாது. கை எடையே சுருதியை ஏற்றிக் காட்டும்.

லாக்கிங் நட்டுக்கு வருவோம், தங்கள் பெட்டிச் செய்தியின் முதல் யோசனைக்கும். நட்டில் மூன்று உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டு கம்பிகளை அமுக்கிப் பிடிக்கின்றன. பூட்டியபின் டியூனிங் கீக்கும் வாசிக்கும் கம்பிக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. கீயைத் திருகினால் நட்டுக்குப் பின்னால் இருக்கும் சாணளவுக் கம்பி மட்டும் முறுக்கேறும். ஒலிக்கிற சுருதியில் மாற்றமில்லை என்று மேலும் திருகினால் அந்தச் சாணளவு பட்டென்று அறுந்துபோகும். அறாமல் தப்பினாலும், அடுத்த தடவை நட்டைத் திறக்கும்போது சுருதி எங்கோ எகிறும். பூட்டிய கிட்டாரில் சுருதியைத் தொட ஒரே வழி, பிரிட்ஜில் உள்ள ஃபைன் டியூனர்கள்.

அவற்றின் எல்லை குறுகியது. அதனால்தான் பூட்டுவதற்கு முன் ஆறு ஃபைன் டியூனர்களையும் அவற்றின் பயணத்தில் நடுவாக்கில் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறோம். அடிவரை இறுகிய நிலையில் நட்டைப் பூட்டிவிட்டால் கம்பி இறங்கும்போது ஏற்ற வழியில்லை. திறந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

பூட்டும்போதே சுருதி ஏறுகிறதே என்று கேட்பவர்கள் பலர். நட்டுக்குப் பின்னால், தலைப்பகுதியில் ஒரு குறுக்குக் கம்பி இரண்டு ஸ்க்ரூக்களில் நிற்கும். கம்பிகளைக் கீழே அமுக்கி, நட்டின் வளைந்த தளத்தில் முழுக்கப் படியவைப்பதுதான் அதன் வேலை. அது உயரமாக இருந்தால் கம்பி நட்டின் முன்விளிம்பில் மட்டும் தொட்டு, பின்னால் அந்தரத்தில் நிற்கும். பட்டையை இறுக்கியதும் அந்த அந்தரத்துக் கம்பி கீழே நசுங்கிச் சுருதியை ஏற்றிவிடும். பட்டைகளைக் கழற்றிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கம்பிக்கும் நட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் குறுக்குக் கம்பியை இறக்குங்கள். சரியாக இருந்தால் பூட்டும்போது சுருதி ஒரு சிறிதே அசையும், ஃபைன் டியூனரில் அரைச் சுற்றில் சரியாகிவிடும்.

இந்தப் பூட்டு ஏன் வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். லியோ ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு கொண்டுவந்த ட்ரெமோலோவில் பாரை ஆழமாக அழுத்தினால் கம்பி நட்டில் சிக்கித் திரும்ப மறுத்தது. ஃப்ளாய்ட் ரோஸ் என்ற கிட்டார்காரர் 1970-களின் பிற்பகுதியில் நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டிவிட்டார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1979-இல் கிடைத்தது. பூட்டியபின் சுருதியைத் தொட வழியில்லாமல் போனதால் ஃபைன் டியூனர்கள் பின்னர் வந்து சேர்ந்தன. (ட்ரெமோலோ என்ற பெயரே பிழை என்பது வேறு கதை. ஒலியின் அளவு கூடிக் குறைவதுதான் ட்ரெமோலோ. சுருதி அசைவதற்குப் பெயர் விப்ராட்டோ. ஃபெண்டர் இரண்டையும் மாற்றிப் போட்டது ஊர் வழக்காகிவிட்டது.)

இரண்டாவது யோசனைதான் எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. பிரிட்ஜ் சாய்ந்திருந்தால் தூண் ஸ்க்ரூவைத் திருகச் சொல்வது தவறு. தூண்கள் கம்பிகளின் உயரத்துக்கு மட்டுமே. சாய்வுக்குக் கொக்கித் தகட்டின் ஸ்க்ரூக்கள். அதோடு போயிருந்தால் நேர நஷ்டம்தான். ஆனால் கம்பிகள் முழு இழுவிசையில் இருக்கும்போது தூணைத் திருகினால், கத்திமுனை நாற்பது கிலோ அழுத்தத்தோடு தூணின் பள்ளத்தில் அரைபடும். நகத்தை அந்த விளிம்பில் ஓட்டிப் பார்த்தால் தெரியும். நல்ல முனையில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். அரைபட்ட முனையில், தூண் உட்காரும் இடத்தில் சின்ன மழுங்கலிலோ பிசிறிலோ நகம் தட்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தட்டல் போதும். பாரை அழுத்திவிட்டால் பிரிட்ஜ் ஒரு இடத்துக்கும், தூக்கிவிட்டால் வேறு இடத்துக்கும் திரும்பி வரும். அரத்தால் ராவினால் கூர் வரலாம், இரு பக்கமும் சமமாக வராது. அடித்தகட்டை மாற்றுவதுதான் தீர்வு. உயரத்தை மாற்ற வேண்டுமா? கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் தூணைத் திருகுங்கள். கத்திமுனை உட்காரும் பள்ளத்தில் ஊசிமுனையளவு வாஸ்லின் வைத்தால் நல்லது. அதற்கு மேல் வைத்தால் தூசிதான் சேரும்.

சுருதி நிற்கவில்லை என்ற புகாரோடு கிட்டார் வரும்போது நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: ஒரு கம்பி விலகுகிறதா, ஆறும் சேர்ந்து விலகுகின்றனவா? ஒரு கம்பி மட்டும் என்றால் குற்றம் அந்தக் கம்பியின் பாதையில்தான் இருக்கும். சாடில் கட்டை பிடிக்கவில்லை, அல்லது நட்டின் பட்டையில் பழைய கம்பி பதித்த பள்ளத்தில் புதுக் கம்பி நழுவுகிறது. பட்டையைத் திருப்பிப் போட்டாலே சில நேரம் சரியாகும். இரண்டு பக்கமும் பள்ளம் என்றால் புதிது போட வேண்டும். ஆறும் ஒரே திசையில் சேர்ந்து விலகினால் கம்பிகளைக் குற்றம் சொல்லாதீர்கள். கத்திமுனை, தூண், ஸ்பிரிங், கொக்கித் தகடு இவற்றில் ஏதோ ஒன்று. தூணைப் பிடித்திருக்கும் உலோகக் குழல் மென்மரத்தில் தளர்ந்து ஆடுவதுண்டு. பாரை அழுத்தி விடும்போது தூணின் தலையில் விரல் வைத்தால் ஆட்டம் விரலில் தட்டும். லாக்கிங் நட்டை நெக்கோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்து நட்டே நகர்வதும் உண்டு. அப்போதும் ஆறு கம்பிகளும் சேர்ந்தே விலகும். இதைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. பிரிட்ஜைப் பிரித்து மேய்ந்துவிட்டு, கடைசியில் நட்டுக்கு வருவார்கள்.

பூட்டு இல்லாத ட்ரெமோலோவுக்கு அடையாளம் வேறு. பாரை அழுத்தி விட்டபின் கம்பி ஏறிய சுருதிக்குத் திரும்புகிறது, கம்பியை வளைத்து வாசித்தபின் இறங்கிய சுருதிக்குத் திரும்புகிறது என்றால் அது நட்டில் சிக்குகிறது. அழுத்தும்போது தளர்ந்த கம்பி தலைப்பக்கம் வழுக்கிப் போய், திரும்பி வராமல் மாட்டிக்கொள்கிறது. வளைக்கும்போது அதற்கு நேர்மாறு. நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ப்பதும், டியூனிங் கீயில் சுற்றுகளை இரண்டு மூன்றோடு நிறுத்துவதும் பெரும்பகுதிக் குறையைத் தீர்க்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் பிரிட்ஜின் பின்முனை பாடியிலிருந்து 1/8 அங்குலம், அதாவது 3.2 மி.மீ. உயரத்தில் மிதக்கலாம். அடுக்கு வித்தை அதற்கும் அப்படியே பொருந்தும், பெயின்டில் கீறல் விழாமல் துணியை மட்டும் கூடுதலாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கம்பித் தடிமனையோ சுருதியையோ மாற்றுகிறவர்கள் தராசையும் மாற்ற வேண்டும். 9-42-இலிருந்து 10-46-க்குப் போனால் ஒரு தட்டில் ஒன்பது கிலோ கூடுகிறது. கொக்கித் தகட்டை உள்ளே ஏற்றுங்கள், ஸ்க்ரூ அடிவரை போய்விட்டால் நாலாவது ஸ்பிரிங்கைச் சேருங்கள். ஸ்பிரிங் கூடக் கூட ஒவ்வொன்றும் நீள்வது குறையும், பார் கையில் விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பு சிலருக்குப் பிடிக்கும். ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கினால் மொத்த இழுவிசையில் ஏறத்தாழ 11 சதவீதம் போய்விடும். பிரிட்ஜ் அமிழும், கொக்கித் தகட்டைத் தளர்த்த வேண்டும். ஆறாவது கம்பியை மட்டும் ஈ-யிலிருந்து டி ஸ்வரத்துக்கு இறக்குவது மிதக்கும் பிரிட்ஜில் மேடையில் செய்கிற காரியமில்லை. அந்த ஒரு கம்பியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ குறைவதால் மற்ற ஐந்தும் ஏறிவிடும். இரண்டு சுருதியும் வேண்டும் என்பவர்கள் இரண்டு கிட்டார் வைத்துக்கொள்வது உத்தமம். பிளாக்கை வேண்டும்போது பூட்டித் திறக்கிற ட்ரெமோல்-நோ போன்ற சாதனம் அடுத்த வழி.

குறையே இல்லாததைக் குறை என்று எண்ணி வருகிறவர்களும் உண்டு. ஒரு கம்பியை வளைத்தபடி பக்கத்துக் கம்பியைத் திறந்து வாசித்தால் அது இறங்கி ஒலிக்கும். வளைத்த கம்பியின் கூடுதல் பாரம் பிரிட்ஜைச் சாய்ப்பதால் வருவது அது. எந்த ஸ்க்ரூவாலும் தீராது. தெரிந்த கைகள் அந்தப் பக்கத்துக் கம்பியையும் இம்மியளவு வளைத்துச் சமன்செய்கின்றன. கமகத்துக்குப் பழகிய காதுக்கு இது பெரிய வித்தையில்லை. மேடை விளக்கின் சூட்டில் கம்பிகள் நீண்டு சுருதி இறங்குவதும் அப்படித்தான். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நட்டைப் பூட்டாதீர்கள். அரை மணி நேரம் வெளியே இருந்து சூடு பழகிய பிறகு பூட்டுங்கள்.

கடைசியாக அந்த மரக்கட்டை. பாரே தேவையில்லை என்று முடிவு செய்தவர் பிளாக்கின் இரு பக்கமும் கட்டை வைத்து அடைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் சுருதி சேராததற்கு அதை மருந்தாகச் சொல்லக்கூடாது. மரம் வைத்து அடைத்தாலும் நழுவுகிற சாடில் கட்டை நழுவத்தான் செய்யும். அடைப்பது உதவுகிற ஒரே அவசரம், கச்சேரி நடுவில் கம்பி அறுவது. ஒரு கம்பி போனால் ஸ்பிரிங் ஜெயித்து, பிரிட்ஜ் அமிழ்ந்து, மிச்ச ஐந்தும் ஏறிவிடும். அப்போது முன்பு சொன்ன கார்டு அடுக்கைப் பின்முனைக்குக் கீழே செருகுங்கள். பிரிட்ஜ் மட்டத்துக்கு வரும், ஐந்து கம்பிகளும் ஏறக்குறையத் தம் சுருதிக்கே திரும்பும், பாரைக் கீழே அழுத்தவும் முடியும். பாட்டை முடித்துக்கொண்டு இறங்கலாம். அளவு பார்த்துச் சுற்றிய அந்த அடுக்கைக் கிட்டார் பெட்டியிலேயே போட்டு வைப்பது நல்லது.

அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்தி மறுபடி வெளியிட இடமில்லை என்றால், ஒரு வரி போதும்: 'கம்பிகள் இறுகிய நிலையில் தூண் ஸ்க்ரூக்களைத் திருக வேண்டாம்.' படித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவருடைய பிரிட்ஜ் தப்பும்.

இப்படிக்கு,
கிட்டார் செப்பனிடும் தங்கள் வாசகர்கள்